மாதிரி ஏடிஎம் நிரலின் திரை அமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல்முறையாகத் திரையோடு கூடிய நிரல் எழுதுகிறவர்களில் பலர் ஏடிஎம்மைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். கணக்கில் கூட்டிக் கழிக்கும் பகுதி சீக்கிரம் முடிந்துவிடும். இழுத்தடிப்பது திரைதான். திரும்பத் திரும்ப என் காதில் விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் ஜாவா ஸ்விங்கையும் பைத்தான் டிகின்டரையும் (அந்தந்த மொழியில் விண்டோவும் பட்டனும் வரையும் கருவிகள்) வைத்து இருக்கும். வேறு கருவியில் எழுதினாலும் சங்கதி இதேதான்.

திரையில என்னென்ன இருக்கணும்? ஒரு லிஸ்ட் குடுத்தா போதும்.

லிஸ்ட்டுக்கு முன்னால் ஒன்று. ஏடிஎம் என்பது இரண்டு பொருள்கள்: சேதி காட்டும் திரை, அதைச் சுற்றியிருக்கும் இயந்திரம். உங்கள் விண்டோவுக்குள் இரண்டையும் வரைய வேண்டும், ஆனால் கலந்துவிடக் கூடாது. நடுவில் திரை. அதன் இருபுறமும் நாலு நாலாக எட்டுப் பக்கப் பட்டன்கள். கீழே எண் பலகை, அதையொட்டி ரத்து, அழி, சரி என்று மூன்று பட்டன்கள். அப்புறம் கார்டு போடும் வாய், பணம் வரும் வாய், ரசீது வரும் வாய்.

திரை மாறிக்கொண்டே இருக்கும், இயந்திரம் மாறாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பல கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். தொடுதிரை ஏடிஎம்மைப் போலச் செய்கிறீர்கள் என்றால் பக்கப் பட்டன்கள் திரைக்குள் போய்விடும். எண் பலகையை மட்டும் அப்போதும் வெளியிலேயே வையுங்கள்.

நேரா டிசைனரைத் திறந்து பட்டனை இழுத்துப் போட்டா ஆகாதா? பேப்பர்ல எதுக்கு வரையணும்?

பட்டனை இழுத்துப் போட்டு ஆரம்பித்தவர்கள் எல்லாரும் ஓரிடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். திரை அழகாக வந்திருக்கும். "இப்போது ரத்து அழுத்தினால் எங்கே போகும்?" என்று கேட்டால் பதில் இருக்காது. ஏடிஎம் திரை ஒரு படிவம் இல்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்கும், பதில் வந்ததும் அடுத்த கேள்விக்குப் போகும். அதனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது நிலைகளை. பட்டன் எங்கே உட்கார வேண்டும் என்பது அதற்கப்புறம்.

தாளில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கட்டம் போடுங்கள்: வரவேற்பு, பின் எண், முதன்மைப் பட்டியல், தொகை, உறுதி செய்தல், காத்திருப்பு, கார்டை எடு, பணத்தை எடு, ரசீது, பிழை. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் நாலு வரி எழுதுங்கள். திரை என்ன சொல்கிறது? எந்தெந்தப் பட்டன்கள் உயிரோடு இருக்கின்றன? ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்துக்குக் கொண்டுபோகிறது? யாரும் எதுவும் செய்யாவிட்டால் எங்கே போகிறது? உதாரணமாகத் தொகைக் கட்டத்தில்: "எவ்வளவு வேண்டும்?" என்ற வரி; எண்கள், அழி, சரி, ரத்து நாலும் இயங்கும்; சரி என்றால் உறுதி செய்தலுக்கு, ரத்து என்றால் கார்டை எடு கட்டத்துக்கு; சும்மா விட்டாலும் கார்டை எடு கட்டத்துக்குத்தான். பத்துக் கட்டமும் நிறைந்துவிட்டால் நிரலின் எலும்புக்கூடு கையில் வந்துவிட்டது.

ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி விண்டோ திறக்கலாமா?

வேண்டாம். ஒரு விண்டோ மூடி இன்னொன்று திறக்கும் ஏடிஎம்மை யாரும் பார்த்ததில்லை. மூட மறந்த விண்டோ பின்னால் ஒளிந்துகொண்டு அதன் பட்டன்களும் வேலை செய்யும் கூத்து வேறு. ஸ்விங்கில் நடுத் திரைக்கு மட்டும் கார்டு லேஅவுட் (சீட்டுக்கட்டு போல அடுக்கி, ஒன்றை மட்டும் காட்டும் அமைப்பு; ஏடிஎம் கார்டு இல்லை) வைத்து, ஒவ்வொரு நிலையையும் ஒரு பேனலாக, அதாவது எழுத்தும் பட்டனும் வைக்கும் பலகையாக அடுக்கி, பெயரைச் சொல்லி மேலே கொண்டுவாருங்கள். டிகின்டரில் எல்லா ஃபிரேமையும் (அங்கே பேனலுக்குப் பெயர் அதுதான்) ஒரே கிரிட் கட்டத்தில் வைத்து, வேண்டியதை மேலே தூக்கும் டிகேரெய்ஸ் கட்டளையைக் கொடுத்தால் அதே வேலை.

மாறுவது நடுத் திரை மட்டும்தான். ஒவ்வொரு பேனலுக்குள்ளும் புதிதாக எண் பலகை வரைவது முதல் பதிலில் சொன்ன கலப்படம்தான்.

எந்த லேஅவுட் மேனேஜர் நல்லது? லேஅவுட்டே வேண்டாம்னு சொல்லி எண் குடுத்து வச்சுடலாம்னு பார்க்கிறேன்.

லேஅவுட் மேனேஜர் என்பது பட்டன்களுக்கு இடம் ஒதுக்கும் வேலையைத் தானே பார்த்துக்கொள்வது. அதை விட்டுவிட்டு ஒவ்வொரு பட்டனின் இடத்துக்கும் எண் கொடுத்து வைத்தால் உங்கள் கணினியில் சரியாக இருக்கும். எழுத்துருவைப் பெரிதாக்கி வைத்திருக்கும் இன்னொரு கணினியில் எழுத்து பட்டனை மீறி வெட்டுப்படும். வெளிப்புறத்துக்கு பார்டர் லேஅவுட் (நாலு ஓரமும் நடுவும் என்று பிரிப்பது), இடமும் வலமும் பக்கப் பட்டன்களுக்கு கிரிட் (கட்டம் கட்டமாகப் பிரிப்பது), நடுவில் கார்டு லேஅவுட், கீழே எண் பலகைக்கு இன்னொரு கிரிட். இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது. டிகின்டரில் ஒரே ஃபிரேமுக்குள் பேக்கையும் (ஒன்றையடுத்து ஒன்றாக அடுக்கும் முறை) கிரிட்டையும் கலக்காதீர்கள், பிழை காட்டி நின்றுவிடும். வெவ்வேறு ஃபிரேமுக்குள் என்றால் தாராளமாக வைக்கலாம்.

கவனிக்க வேண்டிய இடம் பக்கப் பட்டன்கள். திரையில் "இருப்பு அறிய" என்ற வரி, அதற்குரிய பட்டனுக்கு நேராக நிற்க வேண்டும். பக்கத்தில் நாலு வரிசைக் கிரிட் போட்டு, திரையில் தலைப்பு ஒன்றும் நாலு வரியும் போட்டால், தலைப்பு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நாலு வரியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழிறங்கி, பார்க்கிறவர் எந்த வரிக்கு எந்தப் பட்டன் என்று தடுமாறுவார். இரண்டு பக்கத்தையும் ஐந்து வரிசையாக்கி, முதல் கட்டத்தில் வெற்று லேபிள் ஒன்றை வையுங்கள். திரைப் பேனலும் அதே ஐந்து வரிசையாக, அதே இடைவெளியோடு இருக்கட்டும். ஸ்விங் கிரிட் லேஅவுட்டில் கட்டத்தைத் தாண்டிப் போக வழியில்லை. காலியாக வேண்டிய இடத்திலும் எதையாவது வைத்தே ஆக வேண்டும், அதனால்தான் வெற்று லேபிள். எண் பலகையில் 0-வின் இரு பக்கமும் இதே கதைதான்.

எண் பலகையில 1 மேல வரணுமா, 7 மேல வரணுமா?

1 மேலே. ஏடிஎம் பலகை தொலைபேசி வழி வந்தது, கால்குலேட்டர் வழி வந்ததில்லை. தொலைபேசிக்கு எந்த அடுக்கு ஒத்துவரும் என்று அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகம் பல வடிவங்களைப் பயனர்களிடம் சோதித்து, முடிவை 1960-ல் வெளியிட்டது. அதையொட்டி வந்ததுதான் 1-2-3 மேலே இருக்கும் அடுக்கு. நாலாவது நெடுவரிசையில் ரத்து, அழி, சரி மூன்றையும் மேலிருந்து கீழாக வைத்தால் நாலுக்கு நாலு கிரிட்டில் கச்சிதமாக அடங்கும்.

கணினி விசைப்பலகையாலும் எண் அழுத்த வசதி கொடுத்தால் சோதிப்பது எளிது. ஆனால் ஸ்விங்கில், மவுஸால் கடைசியாகச் சொடுக்கிய பட்டனிடம் ஃபோகஸ் (விசைப்பலகையில் தட்டுவது யாருக்குப் போகும் என்பது) தங்கிவிடும். ஸ்பேஸ் தட்டினால் அது மறுபடி அழுந்தும். எல்லாப் பட்டன்களுக்கும் ஃபோகஸ் ஏற்கும் தன்மையை நிறுத்திவிட்டு, விசைகளை விண்டோ அளவில் கீ பைண்டிங்காக (இந்த விசைக்கு இந்த வேலை என்று) கட்டுங்கள்.

ரத்து, அழி ரெண்டும் ஒண்ணுதானே? ஒண்ணை எடுத்துடலாமா?

ஒன்றில்லை. அழி என்றால் இதுவரை தட்டிய எண் போகும், நிலை மாறாது. ரத்து என்றால் பரிவர்த்தனையே போகும், கார்டு வெளியே வரும். ஒரு இலக்கம் தப்பாகத் தட்டியவர் ரத்து அழுத்தி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டி வந்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

ரத்துக்குச் சிவப்பு, அழிக்கு மஞ்சள், சரிக்குப் பச்சை என்பது பரவலான வழக்கம். அதையே வையுங்கள், புதுமை வேண்டாம். ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் சிக்கல் உண்டு. பட்டனுக்குள் வார்த்தையும் இருக்கட்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாடு, இணைய அணுகல் வழிகாட்டுதல்கள் சொல்லும் 4.5-க்கு 1 என்ற அளவுக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. மஞ்சள் பட்டனில் வெள்ளை எழுத்து என்பது பலர் செய்வது. பார்த்தாலே கண் கூசும்.

பின் எண்ணை எப்படிக் காட்டுறது? நாலு கட்டம் வரைஞ்சு, நாலாவது எண் வந்ததும் தானா அடுத்ததுக்குப் போகலாமா?

புள்ளியோ நட்சத்திரமோ காட்டுங்கள். ஸ்விங்கில் ஜேபாஸ்வேர்டுஃபீல்டு, டிகின்டரில் என்ட்ரியின் ஷோ பண்பு. கைபேசியில் போலக் கடைசி இலக்கத்தை ஒரு நொடி காட்டும் வேலை வேண்டாம், ஏடிஎம்மில் பின்னால் ஆள் நிற்பார். தானாகப் போவதும் வேண்டாம். கடைசி இலக்கம் தப்பு என்று தெரிந்தவருக்கு அழி அழுத்த ஒரு வாய்ப்பு வேண்டும். மேலும் பின் எண்ணுக்கான ஐஎஸ்ஓ 9564 தரம் 4 முதல் 12 இலக்கம் வரை இடம் கொடுக்கிறது. நாலு கட்டம் வரைந்துவிட்டால் பிற்பாடு மாற்றுவது தொல்லை.

பின் எண்ணை முழுஎண்ணாகச் சேமிக்காதீர்கள். 0042 என்று வைத்திருப்பவரின் பின் 42 ஆகிவிடும். பின் எண் ஒரு எழுத்துச் சரம் (ஸ்ட்ரிங்). மூன்று முறை தப்பினால் கார்டை நிறுத்திவைப்பது என்று வைத்துக்கொண்டால், "தவறான பின் எண்" என்பதோடு நிறுத்தாமல் "இன்னும் 2 வாய்ப்பு" என்றும் காட்டுங்கள்.

தொகை கேட்கிற திரையில டெக்ஸ்ட் பாக்ஸ் ஒண்ணு வச்சா போதுமா?

போதும், ஆனால் அது இரண்டாவது திரையாக இருக்கட்டும். முதல் திரையில் பக்கப் பட்டன்களுக்கு நேராக ஏழு தொகைகள், எட்டாவதாக "வேறு தொகை". அதை அழுத்தினால்தான் பெட்டி வரும். பெட்டிக்குள் தட்டச்சு செய்ய விடாதீர்கள், எண் பலகை மட்டுமே அதை நிரப்பட்டும். எழுத்து, கழித்தல் குறி, புள்ளி எதுவும் வர வழியில்லை என்றால் அவற்றைச் சோதிக்கும் வரிகளும் தேவையில்லை.

எந்தத் தொகையின் மடங்காக இருக்க வேண்டும் என்பதைப் பெட்டிக்குக் கீழேயே எழுதிவிடுங்கள். தட்டி முடித்து, சரி அழுத்தி, உறுதியும் செய்தபிறகு "இந்தத் தொகை முடியாது" என்று சொல்வது மரியாதையில்லாத நிரல்.

இருப்பு 299.99999 மாதிரி வருது. திரையில ரவுண்ட் பண்ணிக் காட்டிடலாமா?

கோளாறு திரையில் இல்லை. தசம எண்ணைத் தோராயமாகவே வைத்திருக்கும் ஃப்ளோட் வகையில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். இருப்பை மிகச்சிறிய நாணய அலகில் முழுஎண்ணாக வைத்துக்கொண்டு, காட்டும்போது மட்டும் 100-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். துல்லியமான தசம வகைகளான ஜாவாவின் பிக்டெசிமல், பைத்தானின் டெசிமல் என்றாலும் சரி, எண்ணைச் சரமாகக் கொடுத்து உருவாக்குங்கள்.

முதல்ல கார்டைக் குடுக்கணுமா, பணத்தைக் குடுக்கணுமா? ரெண்டும் ஒரே திரையில காட்டினா என்ன?

கார்டு முதலில். இது அழகு சார்ந்த முடிவில்லை. பணத்தை முதலில் கொடுத்த பழைய இயந்திரங்களில் மக்கள் நோட்டை எடுத்துக்கொண்டு கார்டை விட்டுவிட்டுப் போனார்கள். வந்த காரியம் பணம். அது கைக்கு வந்ததும் மனம் அந்த வேலையை முடித்துவிடுகிறது, மிச்சம் இருக்கும் படி நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. மனித-கணினி ஊடாட்டப் பாடங்களில் இதை "முடிவுக்குப் பிந்தைய பிழை" என்ற வகையில் சேர்த்து, ஏடிஎம்மையே உதாரணமாகச் சொல்வார்கள். எச்சரிக்கைப் பலகை எழுதி இதைச் சரிசெய்ய முடியவில்லை. வரிசையை மாற்றியதும் சரியானது. கார்டை எடுத்தால்தான் பணம் வரும் என்றால் யாரும் கார்டை மறக்க மாட்டார்கள், பணத்தையும் மறப்பது அரிது.

ஆகவே உங்கள் நிரலில் இவை இரண்டு நிலைகள். "கார்டை எடுக்கவும்" திரையில் எண் பலகை முழுக்க மங்கி, கார்டு வாய் மட்டும் மின்னட்டும். பயனர் கார்டைச் சொடுக்கினால்தான் அடுத்த நிலை. அங்கே பணம் வரும் வாயில் நோட்டுக் கட்டு தெரியட்டும், அதையும் சொடுக்கித்தான் எடுக்க வேண்டும். தானாக மூன்று நொடியில் நகர்ந்துவிடும் நிரல்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் இந்த வரிசைக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது.

இன்னொரு பரிவர்த்தனை வேண்டுமா என்று கேட்பதாக இருந்தால், அதைக் கார்டை எடுக்கும் நிலைக்கு முன்னால் கேளுங்கள்.

"காத்திருக்கவும்"னு மூணு செகண்ட் காட்டணும். ஸ்லீப் போட்டா அந்த எழுத்தே வரமாட்டேங்குது, எல்லாம் உறைஞ்சுடுது.

திரையை வரைவதும் பட்டனைக் கேட்பதும் ஒரே திரெட், அதாவது ஒரே வேலையாள் மாதிரி. அதைத் தூங்க வைத்தால் புது எழுத்தை வரைய ஆளில்லை. தூங்கி எழுந்ததும் காத்திருப்பும் அடுத்த நிலையும் ஒரே மூச்சில் வந்துவிடும், அதனால்தான் எழுத்து கண்ணிலேயே படுவதில்லை. சொன்ன நேரம் கழித்து ஒரு வேலையைக் கூப்பிடும் ஸ்விங் டைமர் அல்லது டிகின்டரின் ஆஃப்டர் பயன்படுத்துங்கள். ஸ்விங் டைமர் தானாகத் திரும்பத் திரும்ப அடிக்கும். ஒருமுறை போதும் என்றால் மறுமுறை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

காத்திருப்பு நிலைக்குள் நுழையும் அந்தக் கணத்திலேயே எல்லாப் பட்டன்களும் செத்துவிட வேண்டும். இல்லையென்றால் பொறுமையில்லாதவர் சரியை இரண்டுமுறை தட்டுவார், இருப்பில் இரண்டுமுறை கழியும்.

யாரும் எதுவும் தொடலைன்னா எவ்வளவு நேரத்துல வெளியேத்தணும்?

எவ்வளவு நேரம் என்பது உங்கள் விருப்பம். சொல்லாமல் கொள்ளாமல் வெளியேற்றுவதுதான் தப்பு. இணைய அணுகல் வழிகாட்டுதல்கள், நேரம் முடிவதற்கு முன் எச்சரித்து, நீட்டித்துக்கொள்ள 20 நொடியாவது தரச் சொல்கின்றன. "இன்னும் நேரம் வேண்டுமா?" என்ற திரைக்கு அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இது தாளில் இன்னொரு கட்டம். திரும்பப் போகும்போது தட்டி வைத்திருந்த தொகை அப்படியே இருக்க வேண்டும்.

நிரல் முழுவதற்கும் ஒரே ஒரு வெளியேற்ற டைமர் வையுங்கள். நிலைக்கு ஒன்று என்று வைத்தால், பின் எண் திரையில் ஆரம்பித்த டைமர் நிற்காமல் ஓடி, பணம் வரும் நேரத்தில் வெடிக்கும். இந்தப் பிழை எப்போதாவதுதான் தலைகாட்டும், கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஒவ்வொரு பட்டன் அழுத்தலுக்கும், ஒவ்வொரு நிலை மாற்றத்துக்கும் பழையதை நிறுத்திவிட்டுப் புதிதாக ஓட விடுங்கள். டிகின்டரில் ஆஃப்டர் திருப்பித் தரும் அடையாளத்தைப் பத்திரமாக வைத்திருந்தால்தான் நிறுத்த முடியும்.

எட்டுப் பட்டன், ஒவ்வொரு திரையிலயும் வேற வேற வேலை. இஃப்-எல்ஸ் மலையாக் குவியுது.

பட்டனுக்குள் "நான் இப்போது எந்தத் திரையில் இருக்கிறேன்?" என்று கேட்பதுதான் மலைக்குக் காரணம். பட்டன் முட்டாளாகவே இருக்கட்டும். "இடது 2 அழுத்தப்பட்டது" என்று மட்டும் சொல்லட்டும். நடப்பு நிலை எது என்று ஓரிடத்தில் வைத்திருந்து, அந்த நிலையிடம் சேதியைத் தள்ளிவிடுங்கள். தாளில் எழுதிய நாலு வரிகளையே ஒவ்வொரு நிலையின் அட்டவணையாக்கிக்கொள்ளுங்கள்: பட்டன், அதன் எழுத்து, போக வேண்டிய இடம். அட்டவணையில் இல்லாத பட்டன் தானாகவே மங்கிவிடும். தனியாக அணைத்து ஏற்றும் வேலை மிச்சம்.

பைத்தானில் லூப் போட்டுப் பட்டன்களை உருவாக்கி லாம்ப்டா (பெயரில்லாத சின்ன ஃபங்ஷன்) கொடுத்தால், எதை அழுத்தினாலும் கடைசி எண்ணே வரும். லாம்ப்டா மாறியின் மதிப்பைப் பிடிப்பதில்லை, மாறியைப் பிடிக்கிறது. லூப் மாறியை லாம்ப்டாவின் இயல்பு மதிப்பாகக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

ரெண்டு மொழி வைக்கணும். இங்கிலீஷ்ல சரியா இருக்கு, தமிழுக்கு மாத்தினா எழுத்து வெட்டுப்படுது.

தமிழ்த் தொடர் பெரும்பாலும் நீளம். மேல்விலங்கும் கீழ்விலங்கும் (எழுத்துக்கு மேலும் கீழும் நீளும் குறிகள்) இருப்பதால் உயரமும் கூடுதலாக வேண்டும். நீளமான மொழியை வைத்து அளவை முடிவு செய்யுங்கள், குட்டையானது தானாக அடங்கிவிடும். ஸ்விங் லேபிள் இடம் போதாவிட்டால் மூன்று புள்ளி வைத்து வெட்டிவிடும். எச்டிஎம்எல்லாகக் கொடுத்தால் அடுத்த வரிக்கு மடங்கும். எழுத்துகளை நிரலுக்குள் சிதறவிடாமல் மேலே சொன்ன அட்டவணையிலேயே மொழிவாரியாக வையுங்கள்.

இருப்பும் இருக்கு, மெஷின்லயும் பணம் இருக்கு. ஆனா 60 கேட்டா என் புரோகிராம் முடியாதுங்குது.

பெரிய நோட்டிலிருந்து கழித்துக்கொண்டே வருகிறீர்கள். இயந்திரத்தில் 50-ம் 20-ம் மட்டும் இருந்தால், 60-க்கு முதலில் ஒரு 50 எடுப்பீர்கள், மீதி 10-க்கு நோட்டு இல்லை. மூன்று 20 கொடுத்தால் முடிந்தது. 50-ஐ எத்தனை எடுப்பது என்பதை அதிகபட்சத்திலிருந்து பூஜ்யம் வரை இறக்கிக்கொண்டே வந்து, மீதி 20-ஆல் வகுபடுகிறதா, அத்தனை 20 பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

திரையைப் பொறுத்தவரை, பணம் தர முடியாததற்கு மூன்று காரணங்கள், மூன்று சேதிகள்: உங்கள் கணக்கில் போதவில்லை, இயந்திரத்தில் போதவில்லை, இந்த நோட்டுகளால் இந்தத் தொகை வராது. மூன்றுக்கும் "பரிவர்த்தனை தோல்வி" என்று ஒரே வரி காட்டினால் பயனர் அதே தொகையை மறுபடி தட்டிப் பார்ப்பார். மூன்றாவதில், 30 கேட்டவருக்கு 20-ஐயும் 40-ஐயும் போல அருகிலுள்ள சாத்தியத் தொகைகளைப் பக்கப் பட்டன்களுக்கு நேராகவே காட்டலாம். எதுவானாலும் தொகைத் திரைக்கே திரும்புங்கள், வரவேற்புக்குத் துரத்த வேண்டாம்.

பணம் வெளியே வந்த பிறகு எடுக்காமப் போயிட்டா? கணக்குல திரும்பச் சேர்க்கிறதா? அந்த நேரத்துல ரத்து அழுத்தினா?

ரத்து, உறுதி செய்யும் திரை வரைக்கும்தான். காத்திருப்பு தொடங்கியதும் அது மங்கிவிடுகிறது என்பதை ஏற்கெனவே பார்த்தோம். அதனால் உறுதித் திரையில் தொகையைப் பெரிய எழுத்தில் காட்டுங்கள், திரும்பிப் போக அதுதான் கடைசி இடம்.

எடுக்காத பணத்தைச் சில நிஜ இயந்திரங்கள் உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போனது முழுத் தொகைதானா என்பது வேறு கேள்வி. கட்டின் நடுவிலிருந்து நோட்டை உருவிவிட்டு, மிச்சத்தை இழுக்கவிட்டு, முழுத் தொகையும் கணக்கில் திரும்ப வரும்படி செய்த மோசடிகள் நடந்திருக்கின்றன. உங்கள் மாதிரியிலும் "இழுக்கப்பட்டது" என்று ஒரு நிலை வைத்து, பதிவேட்டில் நேரமும் தொகையும் எழுதி, இருப்பை அப்படியே விடுங்கள். திரையில் "பணம் எடுக்கப்படவில்லை, சரிபார்த்த பின் கணக்கில் சேர்க்கப்படும்" என்ற வரி கொஞ்ச நேரம் நின்று, பிறகு வரவேற்புத் திரை வரட்டும். சேர்க்கும் வேலை வங்கிப் பக்கத்துடையது. அதற்குத் தனியாக ஒரு நிர்வாகத் திரை வேண்டுமென்றால், அதைத் தனி விண்டோவாகவே செய்யலாம், அது ஏடிஎம்மின் பாகம் இல்லை.